பாட்டிக்கு ஏன் கால் வீங்குகிறது?

பேராவூரணிக்காரர்களுக்குக் கடைமடை என்றால் என்னவென்று சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக் கால்வாய் வழியாக வந்து, வழியிலுள்ள வயல்களெல்லாம் குடித்தது போக மிச்சம்தான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். இருதயம் தளர்ந்தவர் உடம்பிலும் இதே சங்கடம்தான். இருதயம் நின்று விடுவதில்லை. ரத்தத்தைத் தள்ளும் சக்திதான் குறைகிறது. அதனால் கை கால்களுக்கும் சிறுநீரகத்துக்கும் போதிய ரத்தம் போய்ச் சேருவதில்லை. பின்னால் தேங்கும் ரத்தத்திலிருந்து நீர் கசிந்து, நுரையீரலிலும் பாதத்திலும் கோத்துக் கொள்கிறது.

இதை முதலில் கண்டுபிடிக்கக் கூடியவர்கள் வீட்டுப் பெண்மணிகளே. பாட்டி இரண்டு தலையணை கேட்கிறாள். நடுராத்திரியில் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறாள். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று அவளே சமாதானம் சொல்லுவாள். நம்பி விடாதீர்கள்! பிள்ளை பெற்ற சில மாதங்களுக்குள் இளம் தாய்க்கு இப்படி நேர்ந்தாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இதற்கு முதல் நல்ல மருந்து கிடைத்ததே ஒரு கிழவியால்தான் என்றால் ஆச்சரியமாக இல்லையா? இங்கிலாந்தில் ஒருத்தி ரகசியமாக வைத்திருந்த பச்சிலை மருந்தை வில்லியம் விதரிங் என்ற வைத்தியர் ஆராய்ந்து, 1785-ல் புத்தகமாக எழுதினார். அந்தச் செடியின் இனத்திலிருந்து வந்த டிகாக்ஸின் இன்றும் சிலருக்குக் கொடுக்கப்படுகிறது. ஆனால் அளவு மீறினால் விஷம்!

உடம்பில் தேங்கிய நீரை வடிக்க ஃப்ரூஸமைட் மாத்திரை உண்டு. அது வீக்கத்தை வாங்கும்; ஆயுளைக் காப்பவை வேறு. 1987-ல் வட ஐரோப்பாவில், நோய் முற்றிய 253 பேரிடம் எனலாப்ரில் சோதிக்கப்பட்டது. அந்த மருந்து இல்லாதவர்களில் ஆறு மாதத்துக்குள் நூற்றுக்கு 44 பேர் இறந்தார்கள். சாப்பிட்டவர்களில் 26 பேர். பிறகு மெடொப்ரொலால், ஸ்பைரனோலாக்டோன் போன்றவை சேர்ந்தன. நீரிழிவுக்கு வந்த டாபாகிளிஃப்ளோசின், நீரிழிவு இல்லாத இருதய நோயாளிக்கும் உதவுகிறது என்று 2019-ல் தெரிந்தது. யாருக்கு எது, எவ்வளவு என்பதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

மற்றப் பாதி வைத்தியம் அடுக்களையில் இருக்கிறது. உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஆகவே ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் தள்ளி வையுங்கள். "இளநீர் குளிர்ச்சிதானே" என்று தென்னந்தோப்பு ஊரில் தாராளமாகக் கொடுப்பார்கள். அதில் பொட்டாசியம் அதிகம். எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் அது ஏறினால் இருதயத் துடிப்பே தடுமாறலாம். டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரைகளிலும் பல, உடம்பில் நீரைத் தேக்கிவிடும்.

தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். வீக்கம் வரும் முன்பே டாக்டரிடம் ஓடுங்கள்.

வீக்கம் வற்றியதும் பாட்டி சொல்லுவாள்: "எனக்குத்தான் குணமாயிடுத்தே, மாத்திரை எதுக்கு?" குணமாக்கியதே அந்த மாத்திரைதான் என்று பக்குவமாகச் சொல்லி, ஒரு டம்ளர் தண்ணீரோடு கையில் கொடுங்கள். மறுபடியும் மூச்சு முட்டாமல் அவள் நிம்மதியாகப் படுத்துத் தூங்க, அதுதான் வழி.