கடைசி வாரத்தில் கூடுதல் மார்க்கு!
சட்டப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு யோசனைகள்

2023-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

அன்று பகல் 2 மணிக்கு நாடு முழுவதும் "கிளாட்" பரீட்சை நடந்தது. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர விரும்பும் பிள்ளைகள் எழுதும் நுழைவுத் தேர்வு அது. அதே நேரத்தில் "மிக்ஜாம்" புயல் சென்னைக் கடற்கரையை நெருங்கிக் கொண்டிருந்தது. மறுநாள் சென்னையும் சுற்றுப்புறமும் வெள்ளக்காடாயின.

அடுத்த ஆண்டும் அதே கதைதான்! 2024 டிசம்பர் 1-ந் தேதி பரீட்சை. அதற்கு முந்திய இரவில் "பெஞ்சல்" புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது.

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை உள்ள மீனவர் வீடுகளுக்குப் புயலின் பொருள் நன்றாகத் தெரியும். எச்சரிக்கை வந்தால் படகு கடலுக்குப் போகாது. படகு போகாவிட்டால் வீட்டில் காசு புழங்காது. பிள்ளையின் பரீட்சையும் அந்தச் சமயத்தில்தான் வருகிறது. விண்ணப்பக் கட்டணமோ சமீப ஆண்டுகளில் 4,000 ரூபாய். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் ஆகியோருக்கு 3,500 ரூபாய்.

இவ்வளவு பணம் கட்டி எழுதும் பரீட்சையில், கடைசி வாரத்தில் என்ன செய்தால் மார்க்கு கூடும்?

கேள்வித்தாள் எப்படி இருக்கும்?

கேள்விகள் 120. நேரமும் 120 நிமிடம். பரீட்சை முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கும்.

ஐந்து பகுதிகள் உண்டு. நடப்புச் செய்தியும் பொது அறிவும் சேர்ந்து 28 முதல் 32 கேள்விகள். சட்டச் சிந்தனைக்கும் அதே அளவு. ஆங்கிலத்தில் 22 முதல் 26. தர்க்கத்துக்கும் அவ்வளவே. கணக்கில் 10 முதல் 14.

ஒவ்வொரு பகுதியிலும் முதலில் ஒரு பத்தி கொடுத்திருப்பார்கள். பெரும் பத்திகள் சுமார் 450 சொற்கள் இருக்கும். அதைப் படித்துவிட்டுத்தான் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். நிமிடத்துக்கு 150 சொற்கள் படிக்கும் பிள்ளைக்கு, ஒரு பத்திக்கு 3 நிமிடம் ஆகும். ஆகவே வேகமாகப் படிக்கும் பழக்கமே பாதி வெற்றி. கடைசி வாரத்தில் தினமும் ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கம் இரண்டைக் கடிகாரம் வைத்துப் படிப்பது நல்லது.

வலையைச் சரிபார்க்கும் நேரம்

கடலுக்குக் கிளம்பும் நேரத்தில் எந்த மீனவரும் புது வலை பின்ன உட்காருவதில்லை. இருக்கும் வலையில் எங்கே கண் அறுந்திருக்கிறது என்று பார்த்து, அதை முடிவார்.

பரீட்சைக்கும் இதுவே வழி. கடைசி வாரத்தில் புதுப் புத்தகம் வாங்கக் கூடாது. முன்பு எழுதிப் பார்த்த மாதிரித் தேர்வுகளை எடுத்து, தப்பான கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஏன் தப்பாயிற்று? பாடம் தெரியவில்லையா, அவசரத்தில் தவறாகப் படித்ததா, நேரம் போதவில்லையா? இப்படிப் பிரித்துப் பார்த்தால் அறுந்த இடம் தெரிந்துவிடும்.

புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்!

2006-ம் ஆண்டு அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கே என்ற இரு அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சில மாணவர்கள் ஒரு பாடத்தை மீண்டும் படித்தார்கள். வேறு சிலர் ஒரு முறை படித்தபின், நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தார்கள்.

ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மீண்டும் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது முடிவு தலைகீழாக மாறியது! எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவில் இருந்தது. மீண்டும் படித்தவர்களுக்கு 42 சதவீதம்தான்.

ஆகவே நடப்புச் செய்திக் குறிப்பை உருப்போடுவதில் பலன் குறைவு. நோட்டை மூடிவிட்டு, தம்பியிடமோ தங்கையிடமோ கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்லலாம்.

விதியைப் பார், மனதைப் பார்க்காதே

சட்டப் பகுதி என்றதும் பலர் பயப்படுகிறார்கள். சட்டப் புத்தகம் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. விதியைப் பத்தியிலேயே கொடுத்துவிடுவார்கள். அதை நடந்த சம்பவத்தோடு பொருத்திப் பார்ப்பதே வேலை.

உதாரணமாக ஒரு விதி: "பிறர் நிலத்தில் அனுமதி இன்றி நுழைவது தவறு. உயிரைக் காக்க நுழைந்தால் தவறு ஆகாது."

சம்பவம் இது: புயலில் சிக்கிய ஒருவர் உயிர் பிழைக்க, வேலி போட்ட சவுக்குத் தோப்புக்குள் ஓடுகிறார். இன்னொரு ஏழை, மீன் கெட்டுவிடுமே என்று சந்தைக்குக் குறுக்கு வழியில் அதே தோப்பின் வழியாகப் போகிறார்.

முதலாமவர் மீது தவறு இல்லை. இரண்டாமவர் மீது தவறு உண்டு. "பாவம், ஏழை" என்று மனம் இளகும். ஆனால் விதியில் மீனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை! இங்கேதான் பலர் மார்க்கை இழக்கிறார்கள்.

தெரியாத கேள்வியை என்ன செய்வது?

சரியான விடைக்கு 1 மார்க்கு. தப்பான விடைக்குக் கால் மார்க்கு கழிப்பார்கள். விடாமல் எழுதலாமா, விட்டுவிடலாமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள். அவற்றில் இரண்டு நிச்சயமாகத் தப்பு என்று தெரிந்தால், மீதி இரண்டில் ஒன்றைக் குறிக்கலாம். அப்படி இரண்டு கேள்விகளில் ஒன்று சரியாகி ஒன்று தவறினாலும் முக்கால் மார்க்கு லாபம்.

ஒன்றுமே தெரியாமல் நான்கு கேள்விகளைக் குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தவறும். கிடைப்பது கால் மார்க்குதான். அதற்காக நேரத்தைச் செலவிடுவது வீண்.

மாமல்லபுரத்துப் பாறைகள்

மாமல்லபுரத்தில் பிடாரி ரதங்கள், வலையன்குட்டை ரதம் ஆகியவற்றைப் பலர் பார்த்திருப்பார்கள். அவை முடிவு பெறாத வேலைகள். ஆனாலும் மேல் பகுதி அழகாக உருவாகியிருக்கிறது. அடிப்பகுதிதான் கரடுமுரடாக நிற்கிறது. பல்லவர் காலச் சிற்பிகள் மேலிருந்து கீழாகச் செதுக்கியதே காரணம். எடுத்த பகுதியை முடித்துவிட்டே அடுத்த பகுதிக்கு இறங்கினார்கள்.

பரீட்சையிலும் ஒரு பத்தியை எடுத்தால் அதன் கேள்விகளை முடித்துவிட்டே அடுத்த பத்திக்குப் போக வேண்டும். திரும்பி வந்தால் மறுபடி 3 நிமிடம் படிக்க நேரிடும். ஒரு கேள்வி மட்டும் பிடிவாதம் செய்தால் அதை விட்டுவிடலாம்.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: பொது அறிவுக்கு 15 நிமிடம், ஆங்கிலத்துக்கு 22, சட்டத்துக்கு 33, தர்க்கத்துக்கு 27, கணக்குக்கு 13. மொத்தம் 110 நிமிடம். மீதி 10 நிமிடம் விடைத்தாளைச் சரிபார்க்க. பேனாவால் நிரப்பிய வட்டத்தை அழிக்க முடியாது என்பதை மறக்கக் கூடாது.

முந்திய நாள்

அனுமதிச் சீட்டு, அடையாள அட்டை, பேனா ஆகியவற்றை முந்திய நாளே மழை நனையாத உறையில் போட்டு வைக்க வேண்டும். மாமல்லபுரத்தில் ரெயில் இல்லை. பஸ்ஸை நம்பித்தான் போக வேண்டும். செங்கல்பட்டிலிருந்து மின்சார ரெயில் உண்டு. ஆனால் தண்டவாளத்தில் தண்ணீர் நின்றால் அதுவும் தாமதமாகும். வானிலைச் செய்தி மோசமாக இருந்தால், முதல் நாளே பரீட்சை மையத்துக்கு அருகில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விடுவது உத்தமம்.

இரவில் கண் விழிக்க வேண்டாம். படித்தது மனதில் பதிவதே தூக்கத்தில்தான்.

கதவு ஒன்றல்ல

இந்தப் பரீட்சை தவறினால் வக்கீல் ஆக முடியாதா? முடியும்.

தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்து ஆண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ்-2 மார்க்கைப் பார்த்தே இடம் தருகிறார்கள். செங்கல்பட்டில் 2002-ம் ஆண்டு முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. சென்னை ஐகோர்ட்டு வளாகத்தில் இருந்த பழைய சட்டக் கல்லூரியும் 2018-ம் ஆண்டில் இடம் மாறியது. அதன் ஒரு பிரிவு கேளம்பாக்கத்துக்கு அருகே புதுப்பாக்கத்தில் நடக்கிறது. இரண்டும் இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே போய் வரும் தூரம்தான்.

இதைப் பெற்றோர்கள் பரீட்சைக்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். "இது போனால் எல்லாம் போச்சு" என்ற பயத்தோடு உட்காரும் பிள்ளைக்குத் தெரிந்த விடையும் மறந்துபோகும்.

பரீட்சை முடிந்து வெளியே வரும் மகளிடம், "எத்தனை மார்க்கும்மா வரும்?" என்று அப்பா கேட்க வேண்டாம்.

"பசிக்குதாம்மா? வா, முதல்லே சாப்பிடலாம்" என்றால் போதும்!