கறுப்புப் புலிக்குக் கைதட்டலாமா?

ஒடிசா மயூர்பஞ்ச் மாவட்டத்துச் சிமிலிபால் காட்டுக்கு இப்போது தனி மவுசு. வேறெந்தக் காட்டிலும் பார்க்க முடியாத கறுப்புப் புலிகள் அங்கே உலவுகின்றன. கறுப்பு என்றால் முழுக் கறுப்பு அல்ல. முதுகிலும் விலாவிலும் வரிகள் தடித்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, இடுக்குகளில் மட்டும் கீற்றாக மஞ்சள் தெரியும். மாநில அரசின் 2023-24 கணக்கெடுப்பில் சிமிலிபாலில் வளர்ந்த புலிகள் 27. அதில் 13 இந்த ரகம். பாரிபதா பக்கம் கறுப்புப் புலி சஃபாரி தொடங்கும் திட்டத்தை 2024-ல் அறிவித்தும் விட்டார்கள்.

படத்துக்கு அழகுதான். ஆனால், பாதிக்குப் பாதி ஏன் கறுத்தது என்று விசாரித்தால் மகிழ்ச்சி வற்றிவிடும்.

பெங்களூரில் உள்ள தேசிய உயிர் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழு 2021-ல் விடையைச் சொன்னது. ‘டாக்பெப்’ என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் அந்த மாற்றம் சேர்ந்து வந்தால்தான் தோல் கறுக்கும். இத்தனை அபூர்வமான ஒன்று இரண்டு பக்கமும் இருக்கிறதென்றால், தாயும் தகப்பனும் ஒரே கொடிவழி என்று பொருள். வெளிச் சம்பந்தமே இல்லாமல் தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பத்தின் கதை இது. அடர்ந்த காட்டில் பதுங்க இருட்டு நிறம் உதவலாம் என்ற கருத்தும் உண்டு. இருக்கட்டும், வழி அடைபட்டதுதான் முதல் காரணம்.

தூரம்தான் குற்றவாளியா?

இல்லை. புலி நடைக்குப் பயந்த விலங்கல்ல. தாயின் எல்லையை ஒட்டியே பெண் குட்டி தங்கிவிடும். ஆண் குட்டி வளர்ந்ததும் இடம் தேடிக் கிளம்பியாக வேண்டும். மத்திய இந்தியாவில் எச்சத்திலிருந்து மரபணு எடுத்துப் பார்த்த ஆய்வில், 650 கிலோமீட்டர் வரைகூடப் புலிகள் போய்ச் சேர்ந்திருப்பது தெரிந்தது. வழியில் இருந்தது முழுக்கக் காடு அல்ல. வயலும் உண்டு, ஊரும் உண்டு. ஊர்கள் நெருங்க நெருங்கத்தான் வரத்து குறைந்தது. பென்ச் புலிகள் காப்பகத்தின் வழியாகப் போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலைக்கு அடியில் விலங்குகளுக்கென்று வழிவிட்டுக் கட்டியபின், புலிகள் அதில் நடந்து போவதைக் கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன. வழி விட்டால் வரும்.

சிமிலிபாலுக்கு வாய்த்தது வேறு. சுற்றிலும் சுரங்கம், ரயில் பாதை, நெடுஞ்சாலை. இவற்றைத் தாண்டினாலும், தங்கிப் போக வேண்டிய நடுக்காடுகளில் புலி இல்லை. துணை இல்லாத காட்டில் எந்தப் புலி நிலைக்கும்?

லாரியில் வரும் மரபணு

அதற்கு அரசு கண்டுபிடித்த மருந்து, இடமாற்றம். 2024 அக்டோபரிலும் நவம்பரிலுமாக மகாராஷ்டிரத்தின் தடோபாவிலிருந்து ஜமுனா, ஜீனத் என்ற இரு பெண் புலிகளைக் கூண்டில் ஏற்றிச் சிமிலிபாலுக்குக் கொண்டுவந்தார்கள். ஜீனத் டிசம்பரில் காட்டை விட்டுக் கிளம்பியது. ஜார்க்கண்டுக்குள் புகுந்து, மேற்கு வங்கத்துக்குப் போய், பாங்குரா மாவட்டத்தில் வலைகளுக்கு நடுவே சிக்கியது. டிசம்பர் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கொல்கத்தா உயிரியல் பூங்காவில் வைத்திருந்து, மறுபடி சிமிலிபாலில் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு புலி தன் காலாலேயே மூன்று மாநிலங்களைத் தொட்டுக் காட்டியது. நாம் அதை ‘தப்பியோட்டம்’ என்று எழுதினோம்.

இதே ஒடிசாவின் சத்கோசியாவில் 2018-ல் என்ன நடந்தது? மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த ஆண் புலி மகாவீர் சில மாதங்களிலேயே செத்தது. பெண் புலி சுந்தரியால் மனித உயிர்கள் போயின என்று ஊர் கொதித்தது. சுந்தரி கூண்டில் காலம் கழித்து, 2021-ல் வந்த வழியே திரும்பியது.

புளோரிடாவில் 1995-ல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டு, அழியவிருந்த ஒரு கூட்டத்தையே மீட்டார்கள் என்று வாதிடுவோர் உண்டு. உண்மைதான், ஆபத்துக்கு அது கைகொடுக்கும். என் கவலை அடுத்த தலைமுறையைப் பற்றியது. வழி அடைபட்டே இருந்தால் புதிதாக வந்த ரத்தமும் சில தலைமுறைகளில் பழைய உறவாகிவிடும். அப்போது இன்னொரு லாரி, இன்னொரு மயக்க ஊசி. லாரி இருக்கிறதே என்ற தைரியத்தில் அடுத்த சுரங்கத்துக்கும் அடுத்த நால்வழிச் சாலைக்கும் கையெழுத்துப் போடுவது இன்னும் சுலபமாகிவிடும்.

சஃபாரிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கையாவது சாலைகளுக்கு அடியில் வழி வெட்டவும், நடுக்காடுகளில் மானும் பன்றியும் பெருகவும் செலவிட்டால் வருங்காலக் கணக்கெடுப்புகளில் கறுப்புப் புலி குறையும். பத்திரிகைக்கு அட்டைப்படம் இல்லாமல் போகும். அதை வெற்றி என்று சொல்லும் துணிச்சல் நமக்கு வேண்டும்.