கரியும் பாறையும்: அதிர்வைப் பகுத்தறிதல்

நெடுமுகச் சுரங்க முறையில், இருநூறு முந்நூறு மீட்டர் நீளமுள்ள நிலக்கரிச் சுவரை ஓட்டி ஓர் எந்திரம் முன்னும் பின்னும் நகர்கிறது. அதன் கைகளின் முனையில் சுழலும் பல்லுருளைகள் கரியைச் சீவித் தள்ளுகின்றன. கரிப்படுகையோ மேசைபோல் சமமாக அமைவதில்லை. அலைபோல் ஏறி இறங்கும். உருளை சற்றே உயர்ந்துவிட்டால் கூரைப்பாறையில் பல் உரசித் தீப்பொறி எழும். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் அப்பொறியே வெடிப்புக்குப் போதும். பாறைத்தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலை அரிக்கும்.

உருளையின் உயரத்தை நெடுங்காலம் தீர்மானித்தவர் அருகில் நின்ற தொழிலாளரே. தூசி கண்ணை மறைக்கும் அவ்விடத்தில், வெட்டும் ஓசையின் மாற்றம் அவருக்குத் துணைசெய்தது. அவரை அபாயத்திலிருந்து விலக்கித் தொலைவில் அமர்த்தினால் அந்தக் காதுக்கு மாற்று வேண்டும். எந்திரக் கையில் பொருத்தப்படும் முடுக்கமானி அதிர்வைப் பதிவு செய்கிறது. ஃபூரியே வகுத்த கணித முறையால் அது அலைவெண்களாகப் பிரிக்கப்படுகிறது. உயிரொலிகளை ஆராய ஒலியியலார் கையாளும் முறையும் இதுவே.

பிரிப்பது எளிது, இனங்காண்பதுதான் கடினம். பாறையை வெட்டும்போது அதிர்வு மிகும் என்பது உண்மை. ஆனால் பல் மழுங்கினாலும், எந்திரம் விரைந்தாலும், கரிக்குள் கடினமான இடைப்படலம் குறுக்கிட்டாலும் அதிர்வு மிகும். எந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கது? மொழியியலில் நாம் நன்கறிந்த வினா இது. ‘பல்’, ‘தம்பி’ ஆகிய சொற்களில் பகரம் இருவேறாக ஒலித்தும் நமக்கு அது ஓர் ஒலியனே. சூழல் தந்த வேறுபாட்டை நம் செவி கழித்துவிடுகிறது. மலாயில் அதே வேறுபாடு ‘நுரையீரல்’ என்னும் சொல்லைப் ‘புதிய’ என்னும் சொல்லாக்கிவிடும். நம் எழுத்தில் இரண்டும் ‘பாரு’தான்!

எந்திரத்துக்கும் சூழலைக் கற்பிக்க வேண்டும். அதனால் மோட்டார் மின்னோட்டம், நகரும் வேகம் ஆகியவையும் அதிர்வோடு சேர்த்துக் கணிக்கப்படுகின்றன. ஒரு சுரங்கத்தில் பழக்கிய கணிப்பு முறை வேறொரு சுரங்கத்தில் தடுமாறலாம்; வட்டார வழக்கு மாறினால் நாமும் தடுமாறுவதில்லையா?

இம்முறைக்கு இன்னொரு வரம்பும் உண்டு. பல் பாறையைத் தொட்ட பின்னரே அதிர்வு மாறும். களிப்பாறைக் கூரையிலிருந்து இயல்பாக வெளிப்படும் காமாக் கதிரை அளந்தால், தொடுமுன்னரே எஞ்சியுள்ள கரியின் தடிமனை மதிப்பிடலாம். கதிர் மிகக் குறைந்த மணற்கல் கூரையில் அவ்வழி பயன்படாது. ஆகவே பொறியாளர்கள் அதிர்வை மட்டும் நம்பி உருளையை ஒப்படைப்பதில்லை. முந்தைய வெட்டின் உயரப் பதிவை வழித்தடமாகக் கொண்டு, அதிர்வு பிறழும் இடத்தில் உருளையைத் தாழ்த்துகின்றனர்.