மக்கள் விருதுகளில் ‘மக்கள்’

திரைப்பட வரவேற்பை ஆராய்வோர், பொதுமக்கள் வாக்கால் வழங்கப்படும் தொலைக்காட்சி விருதுகளைச் சான்றாகக் காட்டுவதுண்டு. அச்சான்றின் வலிமை வாக்கெடுக்கும் முறையைப் பொறுத்தது. அமெரிக்காவில் 1975இல் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கிய ‘பீப்பிள்ஸ் சாய்ஸ்’ விருதுகள், கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பைக் கொண்டு முடிவுசெய்யப்பட்டன. மாதிரியாகத் தெரிந்தெடுத்த சிலரைக் கேட்டுப் பலரின் விருப்பத்தை உய்த்துணர்வது அம்முறை. 2005இல் இணைய வாக்கெடுப்பு அதன் இடத்தைப் பெற்றது. விருதின் பெயர் மாறவில்லை. கேட்கப்பட்டவர்க்கு மாற்றாகத் தாமே முன்வந்தவர் ‘மக்கள்’ ஆயினர். ஒருவரே பலமுறை வாக்களிக்க இடமிருப்பின், ஆர்வலர் சிலர் பெருந்திரளாகத் தோன்றுவர். 2022ஆம் ஆண்டு ஆஸ்கர் விழாவையொட்டி ட்விட்டர் வழி நிகழ்ந்த ரசிகர் விருப்பத் தேர்வில் ஒருவர் நாளொன்றுக்கு 20 முறை வரை வாக்களிக்க இயன்றது. அதில் முதலிடம் பெற்ற ‘ஆர்மி ஆஃப் தி டெட்’, அவ்வாண்டு ஆஸ்கரின் எப்பிரிவிலும் பரிந்துரைக்கப்படாத படம்.