பாறையைப் பார்த்தபடி துடுப்பு

ஹட் பே என்னும் ஊர் இருக்கும் லிட்டில் அந்தமான் தீவு, ஓங்கே பழங்குடியினரின் தாயகம். ஒற்றை மரத்தைக் குடைந்து, ஒரு பக்கம் மட்டும் மிதவைக் கட்டை பூட்டிய தோணிதான் அவர்களுடைய மரபான வாகனம். என்ன அருமையான கைவேலை! இத்தகைய தோணியில் முதன்முறை ஏறுகிறவர் தாழ உட்காரப் பழக வேண்டும். எடை மறுபக்கம் சாய்ந்தால் கட்டை நீரைவிட்டு எழும்பும்; தோணி கவிழும்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து மெக்கென்சி ஆற்றுப் படகோ தட்டையான அடியும் உயர்ந்த முனைகளும் கொண்டது. அதில் துடுப்பு போடுகிறவர் ஆறு ஓடும் திசையைப் பார்த்தே அமர்வார். புதியவருக்கு இங்கேதான் தடுமாற்றம். பாறை எதிர்ப்பட்டால் விலகித் திரும்பக் கூடாது. முனையைச் சாய்வாகப் பாறைப் பக்கமே காட்டி, துடுப்பைப் பின்னோக்கி இழுக்க வேண்டும். படகு நீரைவிட மெதுவாக நகர்வதால் யோசிக்க நேரம் கிடைக்கும். ஓட்டமே அதைப் பக்கவாட்டில் ஒதுக்கிவிடும்.

ஆற்றில் ஓட்டம் ஒரே திசையில்தான்; லிட்டில் அந்தமானின் கழிமுகங்களிலோ நீரோட்டத்தின் திசையே ஏறக்குறைய ஆறு மணிக்கொருமுறை மாறும்.

அங்கே உவர்நீர் முதலைகளும் உண்டு. ஓதம் அறிந்த உள்ளூர்க்காரர் துணையின்றி யாரும் படகை இறக்க வேண்டாம்.