பேரேடு யார் கையில்?

ரேணிகுண்டா சந்திப்பில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது கையிலுள்ள செல்போனைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். காலையிலிருந்து எத்தனை குறுஞ்செய்திகள்! டிக்கெட் உறுதியாகிவிட்டது என்று ஒன்று. வங்கியில் பணம் வரவு என்று இன்னொன்று. ஆடித் தள்ளுபடிக்கு வாருங்கள் என்று ஜவுளிக்கடை அனுப்பியது வேறொன்று.

அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். பத்து இலக்க எண் இருக்காது. முதலில் இரண்டு எழுத்து, ஒரு கோடு, பிறகு நிறுவனத்தின் பெயரைச் சுருக்கிய சில எழுத்துகள், கடைசியில் தனியாக ஓர் எழுத்து. அந்தக் கடைசி எழுத்து 'பி' என்றால் விளம்பரம். 'எஸ்' என்றால் சேவை. 'டி' என்றால் பரிவர்த்தனை. 'ஜி' என்றால் அரசு. 2025-ல் வந்த ஏற்பாடு இது.

இந்தச் சின்னஞ்சிறு எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு பெரிய பேரேடு இருக்கிறது. அதன் பெயர்தான் பிளாக்செயின். 'நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?' என்று நினைக்கும் வியாபாரிகூட இன்று அதில் பெயர் எழுதாமல் வாடிக்கையாளர்களுக்கு மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப முடியாது.

இரண்டு பேர் சம்மதம்

பிளாக்செயின் என்றால் என்ன? ரயில்வே குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது.

ஒற்றைப் பாதையில் டோக்கன் பந்து வைத்து ரயில் விட்ட காலம் நினைவிருக்கும். ஒரு நிலையத்து மாஸ்டர் தன் இஷ்டத்துக்குப் பெட்டியிலிருந்து பந்தை எடுத்துவிட முடியாது. அடுத்த நிலையத்து மாஸ்டர் அங்கிருந்து லைன் கிளியர் கொடுத்தால்தான் இங்கே பந்து வெளியே வரும். ஒரு பந்து வெளியே வந்துவிட்டால், அது மறுபடி கருவிக்குள் போகும்வரை இரு பக்கமும் இன்னொன்றை எடுக்க முடியாது. யாரும் யாரையும் நம்பி ஏமாற வேண்டியதில்லை. இரண்டு பேரும் சம்மதித்தால்தான் வண்டி நகரும்.

பிளாக்செயினும் அப்படித்தான். கணக்குப் புத்தகம் ஒரே முதலாளியின் அலமாரியில் இருக்காது. சம்பந்தப்பட்ட பலரிடமும் ஒரே மாதிரியான நகல் இருக்கும். புதிய வரவை எழுத வேண்டுமானால் விதிப்படி மற்றவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் முந்தின பக்கத்தின் அடையாளக் குறி பதிந்திருக்கும். பழைய பக்கத்தில் ஓர் எண்ணைத் திருத்தினாலும் அடுத்தடுத்த பக்கங்களின் குறி பொருந்தாமல் போய்விடும். திருட்டுத்தனம் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

நம் ஊர் வியாபாரிகள் நாள்வழியையும் பேரேட்டையும் ஒத்துப் பார்ப்பதைப் போலத்தான். ஒத்துப் பார்க்கும் வேலையை இங்கே இயந்திரம் செய்கிறது.

ஓர் எழுத்து பிசகினாலும்...

தொல்லை தரும் விளம்பரச் செய்திகளை அடக்க, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018 ஜூலையில் புதிய விதிமுறைகளைப் பிறப்பித்தது. தொலைபேசி நிறுவனங்கள் எல்லாம் பகிர்ந்த பேரேட்டு முறைக்கு மாற வேண்டும் என்பது அதன் முக்கிய அம்சம்.

ரேணிகுண்டா கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்காரரை எடுத்துக்கொள்வோம். அவர் முதலில் தன் நிறுவனத்தைப் பதிவு செய்ய வேண்டும். அடுத்து, தன் பெயர்ச் சுருக்கத்தைப் பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகு, அனுப்பப்போகும் வாசகத்தையே மாதிரிப் படிவமாகக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். பெயர், தொகை, தேதி போன்ற மாறும் இடங்களைத் தவிர மற்றவை படிவத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். பொருந்தாத செய்தி வழியிலேயே நின்றுவிடும்.

2021 மார்ச் 8-ம் தேதி இந்தச் சோதனை நடைமுறைக்கு வந்தது. அன்று என்ன நடந்தது? பல நிறுவனங்கள் தங்கள் வாசகங்களைப் பதிவு செய்யவில்லை. வங்கிகளின் ஓ.டி.பி. எண்கள் வரவில்லை. கொரோனா தடுப்பூசிக்குப் பதிவு செய்ய முயன்றவர்களும் தவித்தார்கள். மறுநாளே டிராய் அந்தச் சோதனையை ஏழு நாட்களுக்கு நிறுத்தி வைத்தது. பிறகு நிறுவனங்களுக்கு அவகாசம் கொடுத்து மீண்டும் அமல்படுத்தியது.

அதில் ஒரு பாடம் இருக்கிறது. இயந்திரம் தன் வேலையைச் சரியாகவே செய்தது. எழுதிய விதியை அது வளைக்கவில்லை. மனிதர்கள்தான் தயாராக இருக்கவில்லை. இப்படி வளையாத பேரேட்டில் நாடே ஏறி உட்கார்ந்த பிறகு, அதன் சாவி யார் கையில் என்ற கேள்வி சாதாரணக் கேள்வி அல்ல.

மூடப்பட்ட கடை

கடல் வாணிபத்தில் நடந்ததைப் பாருங்கள். டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனமும் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனமும் சேர்ந்து 2018-ல் 'டிரேட்லென்ஸ்' என்ற பிளாக்செயின் ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. கப்பல் சரக்குகளின் ஆவணங்கள் எல்லாம் அதில் ஏறும் என்றார்கள். போட்டி நிறுவனங்கள் சிலவும் சேர்ந்தன. ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு உலகம் முழுவதும் ஒத்துழைப்புக் கிடைக்கவில்லை என்று சொல்லி, 2022 நவம்பரில் அதை மூடப்போவதாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டின் முதல் காலாண்டோடு கதை முடிந்தது.

பேரேட்டின் பக்கங்களை யாரும் கிழிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் கடையையே மூடிவிட்டால்? அடுத்தவர் நடத்தும் சங்கிலியில் தொழிலைக் கட்டிவைத்தவர்களுக்கு அது எச்சரிக்கை.

சொந்தக் கால்

சொந்தக் காலில் நிற்பது என்றால் வெளிநாட்டுச் சரக்கையே தொடாமல் இருப்பதா? அல்ல. ரேணிகுண்டா வழியாக ஓடும் ரயில் பெட்டிகளைப் பாருங்கள். பெரம்பூர் தொழிற்சாலை 1955-ல் சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் ஒத்துழைப்போடுதான் பெட்டி செய்யத் தொடங்கியது. கற்றுக்கொண்டோம், 2018-ல் வந்தே பாரத் வண்டியை அங்கேயே உருவாக்கினோம். கற்பது, பழுது பார்ப்பது, மாற்றி அமைப்பது - இந்த மூன்றும் நம் கைக்கு வருவதே சுயசார்பு.

செல்போனுக்கு உள்ளே இருக்கும் பொருளிலும் அந்த முயற்சி இந்தப் பகுதியில் தொடங்கியது. சென்னையைச் சேர்ந்த முனோத் நிறுவனம் 165 கோடி ரூபாய் செலவில் திருப்பதியில் அமைத்த லித்தியம் அயனி செல் ஆலை, 2022 செப்டம்பரில் முன்னோட்ட உற்பத்தியைத் தொடங்கியது. அதுவரை நாட்டின் தேவை முழுவதும் சீனா, தென் கொரியா போன்ற இடங்களிலிருந்தே வந்துகொண்டிருந்தது.

பேரேட்டிலும் அதே வழிதான். 2024 செப்டம்பர் 4-ம் தேதி மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் செயலாளர் எஸ்.கிருஷ்ணன் 'விஷ்வஸ்யா' என்ற தேசிய பிளாக்செயின் ஏற்பாட்டைத் தொடங்கி வைத்தார். புவனேஸ்வர், புனே, ஐதராபாத் ஆகிய மூன்று இடங்களிலுள்ள அரசுத் தகவல் மையங்களில் அது இயங்குகிறது. இதன் உருவாக்கத்தில் சென்னைக்கும் பங்கு உண்டு. அப்துல் கலாமின் எண்ணத்தில் பிறந்து 2002-ல் தொடங்கப்பட்ட 'செட்ஸ்' நிறுவனம் இதில் பணியாற்றியிருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

நாளை ஒருவர் நம் கடைக்கு வந்து, 'உங்கள் சரக்குக் கணக்கை பிளாக்செயினில் ஏற்றுகிறோம்' என்பார். மிளகாய் மண்டியோ, மாம்பழக்கூழ் ஆலையோ, யாராயிருந்தாலும் அவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

நகல்கள் எந்தெந்த ஊரில், யாரிடம் இருக்கும்? மென்பொருளின் உள்ளடக்கத்தை வேறொருவர் படித்துப் பார்க்க முடியுமா? நீங்கள் கடையை மூடினால் என் கணக்கை முழுதாக எடுத்துக்கொண்டு போகலாமா? பிழை வந்தால் திருத்தும் பொறுப்பு யாருடையது?

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சொத்தை மாங்காயை முதல் தரம் என்று எழுதி ஏற்றினால், எந்தச் சங்கிலியும் அதைத் தடுக்காது. பொய்யும் அழியாமல் அப்படியே இருக்கும், அவ்வளவுதான். எடை போடுகிறவரின் நேர்மைக்கு மாற்று இயந்திரம் இல்லை.

டோக்கன் பந்து கருவி பழுதானால், அதைத் திறந்து சரிசெய்ய ரயில்வேயிலேயே ஆள் இருந்தார். நாளைய பேரேட்டுக்கும் அப்படி ஒருவர், நம் ஊர்ப் பிள்ளைகளிலிருந்தே வர வேண்டும்.