மோரிப் மணலில் சிக்கிய வல்லரசு

நம் போர்ட் கிள்ளானுக்கு அப்போது பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். அதற்குத் தெற்கே, இன்று குடும்பத்தோடு குளிக்கப் போகிறோமே அந்த மோரிப் கடற்கரையில், 1945 செப்டம்பர் 9ஆம் தேதி பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 25ஆவது டிவிஷன் கரையிறங்கியது.

போர் முடிந்தபோது அந்த ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் கட்டாயமின்றிச் சேர்ந்தவர்கள். பல கம்பெனிகள் சேர்ந்தது ஒரு பட்டாலியன். மூன்று பட்டாலியன் ஒரு பிரிகேட். மூன்று பிரிகேட்டோடு பீரங்கி, பொறியியல், போக்குவரத்துப் பிரிவுகளும் சேர்ந்தால் டிவிஷன். 'போர்வீர இனம்' என்று ஆங்கிலேயர் போட்ட கணக்கில் தமிழருக்கு அதிக இடமில்லை. போருக்கு முன் கலைத்த மதராஸ் ரெஜிமென்டை, ஆள் தேவைப்பட்டதும் மீண்டும் திரட்டினார்கள். இங்கே தோட்டத் தமிழர்கள் பலரோ நேதாஜியின் படையில் எதிர்ப்பக்கம் நின்றார்கள்!

மலாயாவை மீட்க வகுத்த 'ஆபரேஷன் ஸிப்பர்' திட்டம் பிரம்மாண்டமானது. ஜப்பான் ஆகஸ்ட் 15ஆம் தேதியே பணிந்துவிட்டதால் கரையில் எதிர்ப்பே இல்லை. ஆனாலும் வண்டிகள் நகரவில்லை. கெட்டியாகத் தெரிந்த மணலுக்கு அடியில் இருந்தது சேறு. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புதைந்தன; அலை ஏறியதும் சில மூழ்கின. அந்த மண்ணின் தன்மையைத் திட்டமிட்டவர்கள் சரியாக அறிந்திருக்கவில்லை. ஜப்பானியர் அன்று அங்கே சுடக் காத்திருந்தால் உயிர்ச்சேதம் பெரிதாக இருந்திருக்கும் என்பதே வரலாற்றாசிரியர்கள் பலரின் கணிப்பு. இறங்கியவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள்.

நான்கு நாள் கழித்து, கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியில் ஜப்பானியத் தளபதி சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டார்.